32 முறை வென்றவர் ஏன் 1,399 டாலர் மட்டும் கட்டினார்? 'ஜெப்பர்டி' புதிர்ப்போட்டியின் பந்தயக் கணக்கு

2019ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி ஒளிபரப்பான 'ஜெப்பர்டி' புதிர்ப்போட்டியைப் பார்த்த அமெரிக்க ரசிகர்கள் பலர் குழம்பிப் போனார்கள். தொடர்ந்து 32 ஆட்டங்களை வென்றிருந்த ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹாவர் அன்று தோற்றார். இறுதிக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் சரியானதுதான். ஆனால் கையில் 23,400 டாலரை வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு அவர் கட்டியிருந்த பந்தயம் 1,399 டாலர்.

அதுவரை ஓர் ஆட்டத்தில் பல்லாயிரம் டாலரைத் துணிந்து வைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் இறுதிக் கட்டத்தில் இவ்வளவு சிறிய தொகையை எழுதியதைக் கண்டு, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சமூக ஊடகங்களில் சிலர் பேசினார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அன்றைய நிலையில் அவர் எழுதக்கூடிய தொகைகளிலேயே மிகச் சரியான தொகை அதுதான். அது ஏன் என்பதை அறிய, ஆட்டத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

பதில் முதலில், கேள்வி பிறகு

'ஜெப்பர்டி' 1964ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. இதை உருவாக்கியவர் மெர்வ் கிரிஃபின். 1950களில் அங்குள்ள புதிர்ப்போட்டிகள் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடைகளைக் கொடுத்தது அம்பலமாகி, அது நாடாளுமன்ற விசாரணை வரை சென்றது. மக்களுக்குப் புதிர்ப்போட்டிகள் மீதே நம்பிக்கை போயிருந்த நேரம். "விடையைக் கொடுத்தால்தானே குற்றம், நாமே விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்போம்" என்ற யோசனையைச் சொன்னவர் கிரிஃபினின் மனைவி ஜூலான். இன்றுவரை இந்த ஆட்டத்தில் பலகையில் வருவது குறிப்பு. போட்டியாளர் அதற்குரிய பதிலைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டும். இப்போது நாம் காணும் வடிவம் 1984 செப்டம்பரில் தொடங்கியது. அதை 2020இல் இறக்கும்வரை நடத்தியவர் அலெக்ஸ் டிரெபெக்.

'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' போன்ற நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வேறுபாடு தெரியும். அந்த நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஒருவர்தான். அவர் நின்றுகொள்ளலாமா, தொடரலாமா என்று முடிவெடுத்தால் போதும். இங்கே மூன்று பேர் நிற்கிறார்கள். முதலாவதாக வருபவர் மட்டுமே தாம் ஈட்டிய தொகையை எடுத்துச் செல்லலாம்; அவரே மறுநாளும் ஆடலாம். மற்ற இருவரும் எவ்வளவு சேர்த்திருந்தாலும் அது அவர்களுக்கு இல்லை. இரண்டாவதாக வருபவருக்கு 3,000 டாலர், மூன்றாமவருக்கு 2,000 டாலர் ஆறுதல் பரிசு. 2023 வரை அதுவும் முறையே 2,000, 1,000 டாலராக இருந்தது. பயணச் செலவைப் பொதுவாகப் போட்டியாளர்களே ஏற்பது வழக்கம் என்பதால், தோற்றவர் கையில் மிஞ்சுவது அதிகம் இல்லை. ஒரே ஒரு டாலர் வித்தியாசத்தில் தோற்றாலும் தோல்விதான். பந்தயக் கணக்கு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது.

பலகையில் ஆறு தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஐந்து குறிப்புகள். முதல் சுற்றில் மேலிருந்து கீழாக 200 டாலரில் தொடங்கி 1,000 டாலர் வரை மதிப்பு. இரண்டாம் சுற்றில் அது இரு மடங்காகி 400 முதல் 2,000 டாலர் வரை. நெறியாளர் குறிப்பை வாசித்து முடித்த பிறகுதான் பொத்தானை அழுத்த முடியும். அவசரப்பட்டு முன்னதாக அழுத்தினால் கால் விநாடிக்கு அந்தப் பொத்தான் வேலை செய்யாது; அந்தக் கால் விநாடியில் பக்கத்தில் இருப்பவர் முந்திவிடுவார். சரியாகச் சொன்னால் பணம் கூடும், தவறினால் அதே அளவு குறையும். சரியாகச் சொன்னவரே அடுத்த குறிப்பைத் தேர்ந்தெடுப்பார்.

ஒளிந்திருக்கும் பெட்டி

இரண்டு சுற்றுகளிலும் உள்ள எல்லாக் குறிப்புகளின் மதிப்பையும் கூட்டினால் 54,000 டாலர்தான் வருகிறது. ஆனால் ஹோல்ஸ்ஹாவர் 2019 ஏப்ரல் 17 ஒளிபரப்பில் ஒரே ஆட்டத்தில் 131,127 டாலர் வென்றார். எப்படி?

'டெய்லி டபுள்' என்பதே விடை. முதல் சுற்றில் ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு என மூன்று குறிப்புகளுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கும். அதைத் திறந்தவருக்கு மட்டுமே பதில் சொல்லும் உரிமை. பொத்தான் போட்டி இல்லை. குறிப்பைப் பார்க்கும் முன் தம்மிடம் உள்ள தொகையில் எவ்வளவு வேண்டுமானாலும் அவர் கட்டலாம். கையில் 6,000 டாலர் இருந்து முழுவதையும் கட்டிச் சரியாகச் சொன்னால், ஒரே மூச்சில் 12,000 ஆகிவிடும். பொத்தானை அழுத்திப் போராடி அந்த 6,000ஐச் சேர்ப்பதற்கு எத்தனை கேள்விகள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பலம் தெரியும்.

அந்தப் பெட்டிகள் மேல் வரிசையில் மிக அரிதாகவே இருக்கும். பெரும்பாலும் கீழ் மூன்று வரிசைகளில்தான் கிடைக்கும். ஆனாலும் நெடுங்காலம் போட்டியாளர்கள் ஒரு தலைப்பை எடுத்தால் 200இல் தொடங்கி வரிசையாகக் கீழே இறங்குவதையே வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். 1985இல் சக் ஃபாரெஸ்ட் என்ற போட்டியாளர் அந்த வழக்கத்தை உடைத்தார். தலைப்பு விட்டுத் தலைப்பு தாவித் தாவித் தேர்ந்தெடுத்து எதிராளிகளைத் திணறடித்தார். இந்த ஆட்ட முறைக்கு ரசிகர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

2014இல் வந்த ஆர்தர் சூ அதை இன்னும் கடுமையாக ஆடினார். அவருடைய ஆட்டங்களில் ஒரு காட்சி இன்றும் பேசப்படுகிறது. விளையாட்டுத் தலைப்பில் அவருக்கு 'டெய்லி டபுள்' கிடைத்தது. விளையாட்டு பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. கட்டினார் 5 டாலர். குறிப்பைப் படித்தவுடன் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் 5 டாலருக்கு வாங்கியது என்ன? அந்தப் பெட்டி எதிராளிகள் இருவர் கையிலும் கிடைக்காமல் செய்துவிட்டார். தமக்குப் பயன்படாத ஆயுதம் மற்றவர் கைக்குப் போகக்கூடாது என்ற எண்ணம்தான் அது.

ஹோல்ஸ்ஹாவர் இதில் இன்னொரு படி சென்றார். லாஸ் வேகாஸைச் சேர்ந்த அவர் விளையாட்டுப் பந்தயத்தைத் தொழிலாகவே கொண்டவர். முதலில் கீழ் வரிசையில் உள்ள பெரிய தொகைகளைத் திறந்தார். கையில் பணம் சேர்ந்த பிறகு 'டெய்லி டபுள்' கிடைத்தால், முதல் சுற்றில் பெரும்பாலும் இருப்பது முழுவதையும் கட்டினார். பெட்டி கிடைக்கும்போது கையில் 1,000 டாலர் இருந்தால் அது 2,000 ஆகும். 5,000 இருந்தால் 10,000 ஆகும். அதனால்தான் முதலில் பெரிய குறிப்புகள், பிறகு பெட்டி என்ற வரிசை. 131,127 டாலர் வென்ற ஆட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு முன்பே அவரிடம் 71,114 டாலர் சேர்ந்துவிட்டது. இறுதியில் 60,013 டாலர் கட்டி வென்றார். அவருக்கு முந்தைய ஒரு நாள் சாதனை, 2010இல் ரோஜர் கிரேக் வென்ற 77,000 டாலர்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. 2004இல் கென் ஜென்னிங்ஸ் 74 ஆட்டங்களை வென்று 2,520,700 டாலர் ஈட்டினார். ஆட்டத்திற்குச் சராசரி சுமார் 34,000. ஹோல்ஸ்ஹாவர் 32 ஆட்டங்களில் 2,462,216 டாலர். சராசரி சுமார் 77,000. இருவருமே பொது அறிவில் மலைகள். இந்த இரு மடங்கு வேறுபாட்டில் பெரும்பங்கு அவர் கட்டிய பந்தயத் தொகைகளுக்கு உரியது.

ஆனால் இதை அப்படியே எல்லாரும் பின்பற்ற முடியாது. பாதிக்கு மேல் சரியாகச் சொல்வோம் என்ற உறுதி உள்ளவருக்குத்தான் முழுத் தொகையைக் கட்டுவது லாபம். அந்த உறுதி இல்லாதவர் அதே துணிச்சலைக் காட்டினால் முதல் சுற்றிலேயே சுழியத்துக்கு வந்துவிடுவார்.

முன்னிலையில் இருப்பவரின் கணக்கு

இரண்டு சுற்றுகளும் முடிந்த பிறகு இறுதிச் சுற்று. ஒரே ஒரு குறிப்பு. மூவரும் 30 விநாடிகளில் பதிலை எழுத வேண்டும். சுழியத்துக்கு மேல் தொகை வைத்திருப்பவர்கள் மட்டுமே இதில் பங்கேற்கலாம். முதலில் தலைப்பு மட்டும் காட்டப்படும். குறிப்பு என்னவென்று தெரியாமலேயே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், பந்தயத் தொகையை எழுதியாக வேண்டும்.

இங்கே முன்னிலையில் இருப்பவருக்கு ஓர் எளிய விதி உண்டு. இரண்டாமவர் தம் தொகை முழுவதையும் கட்டி இரு மடங்காக்கினால் எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும். அதைவிட ஒரு டாலர் கூடுதலாக வரும்படி கட்ட வேண்டும். பதில் சரியென்றால் வெற்றி உறுதி. முதலாமவரிடம் இரண்டாமவரின் தொகையைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தால் இன்னும் எளிது. சிறிய தொகை கட்டிவிட்டுச் சும்மா இருந்தாலே வெற்றிதான். இதைச் செய்யத் தவறும் முட்டாள்தனத்தை 'சியர்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 1990இலேயே கிண்டலடித்திருக்கிறது. அதில் வரும் கிளிஃப் என்ற தபால்காரர் 'ஜெப்பர்டி'யில் 22,000 டாலருடன் எட்ட முடியாத முன்னிலையில் இருப்பார். அத்தனையையும் கட்டித் தோற்றுவிட்டு வெறுங்கையோடு வருவார்.

இப்போது ஜூன் 3ஆம் தேதி ஆட்டத்திற்கு வருவோம். இறுதிச் சுற்றுக்கு முன் எம்மா பெட்ச்சரிடம் 26,600 டாலர். ஹோல்ஸ்ஹாவரிடம் 23,400. மூன்றாமவரிடம் 11,000. சிகாகோ பல்கலைக்கழக நூலகரான பெட்ச்சர், தம் முதுகலை ஆய்வையே இந்த நிகழ்ச்சியின் குறிப்புகள் எவ்வளவு கடினமானவை என்பதைப் பற்றிச் செய்தவர். விதி தெரியாதவர் என்று எவரும் எண்ண முடியாது. 23,400இன் இரு மடங்கு 46,800. அதற்கு மேல் ஒரு டாலர் வேண்டும். எனவே அவர் 20,201 டாலர் கட்டுவார் என்பது ஹோல்ஸ்ஹாவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து ஹோல்ஸ்ஹாவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பெட்ச்சர் சரியாகச் சொன்னால் அவருக்கு 46,801 டாலர். ஹோல்ஸ்ஹாவர் முழுவதையும் கட்டி வென்றாலும் 46,800தான், எட்ட முடியாது. பெட்ச்சர் தவறினால் அவரிடம் மிஞ்சுவது 6,399. அப்போது ஹோல்ஸ்ஹாவர் பெரிதாக எதையும் வெல்லத் தேவையில்லை. இருப்பதை இழக்காமல் இருந்தால் போதும். ஆனால் பின்னால் ஒருவர் நிற்கிறார். மூன்றாமவர் 11,000ஐ இரு மடங்காக்கினால் 22,000 ஆகும். அவருக்கு மேலே இருக்க வேண்டுமென்றால், பதில் தவறினாலும் 22,001 டாலர் கையில் இருக்க வேண்டும். 23,400இலிருந்து 22,001ஐக் கழித்தால் வருவது 1,399.

மூவருமே அன்று சரியாகச் சொன்னார்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் மறைமுகமாகக் குறிப்பிடப்படும் எழுத்தாளர் யார் என்பது கேள்வி; கிறிஸ்டோபர் மார்லோ என்பது விடை. பெட்ச்சர் 46,801 டாலருடன் வென்றார். ஜென்னிங்ஸின் மொத்தச் சாதனையை முறியடிக்க ஹோல்ஸ்ஹாவருக்கு அப்போது 58,484 டாலருக்கு மேல் தேவைப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. இருந்ததை எல்லாம் கட்டியிருந்தாலும் அன்று அந்தச் சாதனை கிட்டியிருக்காது.

மூன்றில் இரண்டு பங்கு

இரண்டாமிடத்தில் இருப்பவர் எப்போதும் சிறிதாகக் கட்டலாமா என்றால், கூடாது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதலாமவரின் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரண்டாமவரிடம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், முதலாமவர் விதிப்படி கட்டித் தவறும்போது அவருடைய தொகை இரண்டாமவரின் தற்போதைய தொகைக்குக் கீழே இறங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருந்தால் இறங்காது. அப்போது இரண்டாமவர் சும்மா இருந்து வெல்ல முடியாது, பதிலைச் சரியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏமி ஷ்னைடர் 40 ஆட்டங்களை வென்ற பிறகு 2022 ஜனவரி 26 ஒளிபரப்பில் தோற்றது இந்த இரண்டாம் வகை. அவரிடம் 27,600 டாலர். ரோன் டால்ஸ்மாவிடம் 17,600. மூன்றில் இரண்டு பங்கு என்பது 18,400. டால்ஸ்மா அதற்குக் கீழே இருந்தார். ஷ்னைடர் 8,000 கட்டினார். தவறினாலும் அவருக்கு 19,600 மிஞ்சும். ஆகவே டால்ஸ்மாவுக்கு ஒரே வழி, கணிசமாகக் கட்டிச் சரியாகச் சொல்வது. 12,000 கட்டினார். உலகில் மக்கள்தொகை மிகுந்த பத்து நாடுகளில் ஒன்று, ஆங்கிலத்தில் 'எச்' எழுத்தில் முடியும் ஒரே நாடு எது என்பது கேள்வி. பங்ளாதேஷ் என்ற விடை ஷ்னைடருக்கு அந்த 30 விநாடிகளில் தோன்றவில்லை. வங்காளதேசத் தொழிலாளர்களை அன்றாடம் பார்க்கும் நமக்கு இது எளிதாகத் தோன்றலாம். விளக்கு வெளிச்சத்தில் கடிகாரம் ஓடும்போது நின்று பார்த்தால்தான் தெரியும். டால்ஸ்மா 29,600 டாலருடன் வென்றார்.

இன்னும் புகழ்பெற்ற தோல்வி ஜென்னிங்ஸுடையது. 2004 நவம்பர் 30 ஒளிபரப்பில் இரண்டாம் சுற்றின் இரண்டு 'டெய்லி டபுள்'களையும் அவர் தவறவிட்டு 10,200 டாலரை இழந்திருந்தார். இறுதிக்கு வந்தபோது அவரிடம் 14,400. நான்சி ஸர்க்கிடம் 10,000. மூன்றாமவர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. ஜென்னிங்ஸ் விதிப்படி 5,601 கட்டினார். ஸர்க் 4,401 கட்டினார். ஆண்டில் நான்கு மாதங்களே வேலை செய்யும் 70,000 பருவகால அலுவலகப் பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் எது என்பது கேள்வி. வருமான வரிக் கணக்குத் தயாரிக்கும் 'எச் அண்ட் ஆர் பிளாக்' என்று ஸர்க் சரியாக எழுதினார். ஜென்னிங்ஸ் 'ஃபெடெக்ஸ்' என்று எழுதி 8,799 டாலருக்கு இறங்கினார். ஸர்க் 14,401.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். 14,400இல் மூன்றில் இரண்டு பங்கு 9,600. ஸர்க்கிடம் 10,000 இருந்தது. ஜென்னிங்ஸ் விதிப்படி கட்டித் தவறினால் 8,799தான் மிஞ்சும் என்பதால், ஸர்க் எதுவுமே கட்டாமல் இருந்தாலும் வென்றிருப்பார். அவர் 4,401 கட்டியதால், தாமும் சரியாகச் சொன்னால்தான் வெற்றி என்ற நெருக்கடியைத் தமக்கே உண்டாக்கிக்கொண்டார். பதில் தெரிந்திருந்ததால் தப்பித்தார். ஜென்னிங்ஸின் 74 ஆட்ட வெற்றியை முடித்து வைத்த அந்தப் பந்தயம், கணக்கின்படி பார்த்தால் சிறந்த பந்தயம் என்று சொல்ல முடியாது. வென்றவர் செய்ததெல்லாம் சரி என்று பேசுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான்.

இது அரிதான ஒன்றும் இல்லை. பொருளியல் அறிஞர் ஆண்ட்ரூ மெட்ரிக் இந்த நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றுப் பந்தயங்களை ஆராய்ந்து 1995இல் 'அமெரிக்கன் இக்கனாமிக் ரிவியூ' இதழில் கட்டுரை எழுதினார். எதிராளி என்ன செய்வார் என்பதைக் கணித்து அதற்கேற்ற சிறந்த தொகையைப் போட்டியாளர்கள் எப்போதும் எழுதுவதில்லை என்பது அதில் தெரிகிறது. ஆட்டத்திற்குப் புதியவர்களுக்கு எதிராளியின் கணக்கைப் போடுவதற்குள் விளம்பர இடைவேளை முடிந்துவிடும் போலும்.

அவர் நினைப்பதை இவர் நினைத்தால்

ஒரு கற்பனை ஆட்டத்தைக் காண்போம். முதலாமவரிடம் 18,000, இரண்டாமவரிடம் 13,000, மூன்றாமவரிடம் 5,000.

முதலாமவர் விதிப்படி கட்ட வேண்டியது 8,001. தவறினால் அவருக்கு 9,999 மிஞ்சும். இரண்டாமவர் மூன்றில் இரண்டு பங்கான 12,000க்கு மேல் இருக்கிறார். ஆகவே சிறிதாகக் கட்டலாம். மூன்றாமவர் 10,000 வரை வரலாம் என்பதால், 2,999க்குள் கட்டினால் இருவரிடமிருந்தும் பாதுகாப்பு.

ஆனால் முதலாமவரும் இதை யோசிப்பார் அல்லவா? இரண்டாமவர் 2,999க்குள்தான் கட்டப்போகிறார் என்றால் அவர் எட்டக்கூடியது 15,999. எனவே முதலாமவர் 2,000 மட்டும் கட்டினால், தவறினாலும் 16,000 இருக்கும். கேள்வியே தெரியாவிட்டாலும் வெற்றி. அப்படியென்றால் இரண்டாமவர் அதையும் யோசித்து, முழுவதையும் கட்டி 26,000க்கு ஏற முயலலாம். இரண்டாமவர் முழுவதையும் கட்டப் போகிறார் என்று முதலாமவர் நினைத்தால், திரும்பவும் 8,001க்கே வந்துவிடுவார். சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறது. பேட்மின்டனில் எதிராளி வலப்பக்கம் அடிப்பாரா, இடப்பக்கம் அடிப்பாரா என்று ஊகிப்பது போன்றதுதான். முடிவான ஒரே தொகை இங்கே இல்லை. எதிரே நிற்பவர் புதியவரா, பழகியவரா, துணிந்தவரா, பயந்தவரா என்பதை அதுவரை நடந்த 60 குறிப்புகளில் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இயந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. 2011 பிப்ரவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் 'வாட்சன்' கணினி, ஜென்னிங்ஸையும் பிராட் ரட்டரையும் எதிர்த்து ஆடியது. 6,435, 1,246 என்று மனிதர்கள் எழுதாத தொகைகளைக் கட்டி அரங்கைச் சிரிக்க வைத்தது. 'அமெரிக்க நகரங்கள்' என்ற தலைப்பிலான இறுதிக் கேள்விக்குக் கனடாவிலுள்ள டொரோண்டோவைப் பதிலாக எழுதிச் சறுக்கியது. ஆனால் அந்தச் சறுக்கலில் அது இழந்தது 947 டாலர்தான். கேள்வியில் தடுமாறியது, தொகையில் தடுமாறவில்லை.

ஒரு டாலரை விட்டுக்கொடுத்தவர்

முன்பு இருவர் சமநிலையில் முடித்தால் இருவருமே வெற்றியாளர்கள். இருவரும் பணத்தை எடுத்துச் செல்வதோடு மறுநாளும் ஆடலாம். 2007 மார்ச் 16 ஒளிபரப்பில் ஸ்காட் வைஸ் என்பவரிடம் 13,400 டாலர் இருந்தது. மற்ற இருவரிடமும் தலா 8,000. விதிப்படி அவர் 2,601 கட்ட வேண்டும். அவர் வேண்டுமென்றே 2,600 கட்டினார். மூவரும் சரியாகச் சொல்ல, மூவரும் 16,000 டாலரில் முடித்தார்கள், மூவருமே வென்றார்கள். சமநிலைக்குக் கட்டுவதால் முன்னிலையில் இருப்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை. மறுநாள் தாம் அறிந்த எதிராளியே வருவார் என்ற லாபமும் உண்டு. ஆர்தர் சூவும் 2014இல் இப்படிக் கட்டினார். இப்போது சமநிலை ஏற்பட்டால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு ஒருவரையே வெற்றியாளராக அறிவிக்கிறார்கள். அதனால் இன்று அந்த ஒரு டாலரைச் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நாலு நம்பர்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றில்லை. இங்கே கட்டுவது ஆட்டத்தில் சேர்த்த தொகை. வீட்டுச் செலவுப் பணம் கிடையாது. எந்த எண் விழும் என்பதை எவ்வளவு படித்தவரும் மாற்ற முடியாது. இங்கேயோ படித்தவருக்குப் பலன் உண்டு, எதிராளியின் நிலையைக் கணக்கிட்டவருக்கு இன்னும் பலன் உண்டு. ஹோல்ஸ்ஹாவர் இந்த ஆட்டத்துக்காக நூலகத்தில் சிறுவர் நூல்களைத் தேடிப் படித்துத் தயாரானவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதைத் தமிழ்ப்பள்ளியிலோ இளைஞர் இயக்கப் புதிர்ப்போட்டியிலோ ஆடிப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி அரங்கம் தேவையில்லை. டாலருக்குப் பதில் புள்ளிகள் போதும். வழக்கம்போல் கேள்விகளை நடத்திவிட்டு, கடைசிக் கேள்விக்கு முன் தலைப்பை மட்டும் சொல்லி, ஒவ்வொரு குழுவும் தன் பந்தயப் புள்ளியைத் தாளில் எழுதி மடித்து வைக்கச் செய்தால் ஆட்டம் தயார். கரும்பலகையில் மூன்று குழுக்களின் புள்ளிகளும் எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை. எழுதுவதற்கு இரண்டு நிமிடமாவது கொடுப்பது நல்லது.

மேலே சொன்ன கற்பனை ஆட்டத்தில் 5,000 வைத்திருக்கும் மூன்றாமவரை மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் இருப்பது முழுவதையும் கட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் அவருக்கு 10,000 வரும். முதலாமவர் 8,001 கட்டித் தவறியிருந்தால் 9,999இல் நிற்பார். இரண்டாமவரும் அவசரப்பட்டு 3,000க்கு மேல் கட்டித் தவறியிருந்தால், கடைசியில் நின்றவர் ஒரு டாலர் வித்தியாசத்தில் வென்றுவிடுவார்.